அப்பா கார் ஓட்டுகிறார், பக்கத்தில் நீங்கள்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். ஜொகூர் பாருவிலிருந்து சுங்கை பட்டாணியில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காரின் பின்பக்கம் துணிப்பைகள், முறுக்கு டின்கள், தலையணைகள். அப்பா வேலை முடிந்து வந்து, அவசரமாகக் குளித்து, மாலை 7 மணிக்குக் காரைக் கிளப்புகிறார். அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம். சாலை காலியாக இருந்தாலே ஏழு மணி நேரம் ஆகும். பெருநாள் கூட்டத்தில் எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அன்று காலை அப்பா எத்தனை மணிக்கு எழுந்தார்? 5.30 மணிக்கு என்றால், இரவு 10.30 மணிக்கு அவர் கண்விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது கார் ஏறக்குறைய சிரம்பான் பக்கம் போய்க்கொண்டிருக்கும். பாதித் தூரம்கூட முடிந்திருக்காது.

ஏன் 17 மணி நேரம் என்று குறிப்பாகக் கேட்கிறேன்? 1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் டுரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 40 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருநாள் அவர்களை 28 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்தார்கள். இன்னொரு நாள் அரை மணிக்கு ஒருமுறை மது கொடுத்தார்கள். இரண்டு நாள்களிலும் கணினித் திரையில் நகரும் ஒரு குறியைக் கையால் பின்தொடரும் ஒரே மாதிரியான வேலையைச் செய்யச் சொன்னார்கள். முடிவு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைத்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்குச் சரிந்திருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது ஏறக்குறைய 0.10 விழுக்காட்டுக்குச் சமமாகியிருந்தது.

0.05 விழுக்காடு என்பது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது வாகனமோட்டிகளுக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பும் அதுதான். அதாவது ஒரு சொட்டு மதுவும் தொடாத உங்கள் அப்பா, வெறும் கண்விழிப்பினாலேயே சட்டம் கோடு போட்டிருக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறார். மது அருந்தியவரைக் கண்டுபிடிக்கப் போலீசாரிடம் ஊதிப் பார்க்கும் கருவி உண்டு. தூக்கத்துக்கு அப்படி ஒரு கருவி கிடையாது. அந்தக் காரில் இருக்கும் ஒரே கருவி, முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

மூளைக்குள் இரண்டு கடிகாரங்கள்

தூக்கம் எப்படி வருகிறது? 1982-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பெலி என்ற அறிஞர் கொடுத்த விளக்கம் இன்றுவரை பயன்படுகிறது. நம்மை இயக்குபவை இரண்டு என்றார் அவர்.

முதலாவது, மணற்கடிகாரம் மாதிரி. மூளை வேலை செய்யும்போது செல்கள் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அதன் மிச்சமாக அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அடினோசின் மூளைச் செல்களின் மேலிருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு, ‘போதும், வேகத்தைக் குறை’ என்று சொல்லும். தூங்கினால்தான் அது வடியும். வேறு குறுக்குவழி இல்லை.

இரண்டாவது, உண்மையான கடிகாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. ஒளியைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொண்டு, ஒருநாள் சுழற்சியில் அது உடலை நடத்துகிறது. இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கடிகாரம் நம்மை மிகத் தாழ்வாக இறக்கும் நேரம் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை. பிற்பகலிலும் ஒரு சின்னச் சரிவு உண்டு. மதியம் நாசி கண்டார் சாப்பிட்டதால்தான் கண் சொக்குகிறது என்று நாம் உணவின் மேல் பழிபோடுகிறோம். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது மோசமாகும் என்பது உண்மை. ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் அந்தச் சரிவு வரும்.

பிரிட்டனில் ஜிம் ஹோர்ன், லூயிஸ் ரெய்னர் என்ற இரு ஆய்வாளர்கள் தூக்கத்தால் நேர்ந்த சாலை விபத்துகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்து, 1995-இல் வெளியிட்டார்கள். அதிகாலை 2 மணி, காலை 6 மணி, பிற்பகல் 4 மணி ஆகிய மூன்று நேரங்களையொட்டி விபத்துகள் உச்சத்துக்குப் போயிருந்தன. பிற்பகல் 4 மணி பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பட்டப்பகலில், வெயிலில், தூங்கி விபத்தா? ஆமாம்.

நம் பயணத்துக்குத் திரும்புவோம். நெரிசலில் ஊர்ந்து, இரண்டு இடத்தில் நின்று, கார் தைப்பிங்கை நெருங்கும்போது விடியற்காலை 3 மணி ஆகிறது. அப்பா விழித்து 21 மணி நேரத்துக்கும் மேல். மணற்கடிகாரம் நிறைந்து வழிகிறது. மூளையின் கடிகாரமோ அடிமட்டத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எதிர்த்து நிற்கின்றன. அதற்குச் சற்று முன்தான் ஈப்போவைத் தாண்டி, மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலை வளைவுகளைக் கடந்திருக்கிறீர்கள்.

நான்கு விநாடி

இந்த நிலையில் மூளை யாரிடமும் அனுமதி கேட்காது. சில விநாடிகளுக்குத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இதற்கு நுண்தூக்கம் என்று பெயர். கண் திறந்தே இருக்கலாம், கை ஸ்டியரிங்கில் இருக்கலாம், ஆனால் மூளை பார்ப்பதில்லை. மிகவும் ஆபத்தான செய்தி என்னவென்றால், பல சமயங்களில் தூங்கியவருக்கே தான் தூங்கியது தெரியாது. ‘நான் தூங்கவே இல்லையே’ என்று அப்பா சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை.

நம் நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். 110,000 மீட்டரை 3,600 விநாடியால் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 30 மீட்டருக்கும் சற்று அதிகம். நான்கு விநாடி நுண்தூக்கம் என்றால் 122 மீட்டர். ஒரு காற்பந்துத் திடலின் முழு நீளம் 105 மீட்டர். அதைவிட நீளமான தூரத்தை ஒன்றரை டன் எடையுள்ள வாகனம் யாரும் ஓட்டாமல் கடக்கிறது.

நல்ல சாலை என்பதே இங்கு ஒரு சிக்கல். 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். சமிக்ஞை விளக்கு இல்லை, சந்திப்பு இல்லை, குறுக்கே ஓடும் கோழி இல்லை. இருபுறமும் செம்பனை, அதற்குப் பின்னும் செம்பனை. செய்வதற்கு எதுவும் இல்லாதபோது மூளை கவனத்தை விட்டுவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்கள் ஏன் குறிகளைத் தவறவிடுகிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் அதற்கு ஒரு கடிகாரச் சோதனை வைத்தார். முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை மட்டும் இரண்டு படி தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. 1948-இல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் குறைந்துவிடுகிறது. தூக்கம் கெட்டவர்களிடம் மட்டுமல்ல, சாதாரணமானவர்களிடமும்.

காரின் அதிர்வும் தாலாட்டுகிறது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 15 பேரை அதிரும் இருக்கையில் உட்காரவைத்து, போலிச் சாலையில் ஓட்டச் சொன்னார்கள். விநாடிக்கு 4 முதல் 7 முறை வரையிலான மெல்லிய அதிர்வு, கால் மணி நேரத்துக்குள்ளேயே தூக்கத்தின் அறிகுறிகளைக் கொண்டுவந்தது. கைக்குழந்தை காரில் ஏறியதும் ஏன் தூங்கிவிடுகிறது என்று இனி யோசிக்க வேண்டாம்.

பாட்டும் காற்றும் போதுமா?

பாட்டை உரக்க வைப்பது, சன்னலைத் திறந்து முகத்தில் காற்று வாங்குவது, கன்னத்தில் அறைந்துகொள்வது, புளிப்பு மிட்டாய் மெல்லுவது. நம் வீடுகளில் தெரிந்த வைத்தியங்கள் இவை. மேலே சொன்ன ஹோர்னும் ரெய்னரும் இவற்றில் இரண்டைச் சோதித்தார்கள். வானொலி, குளிர்காற்று இரண்டுமே கொஞ்ச நேரம், அதுவும் மிகச் சிறிய அளவில்தான் உதவின. அடினோசின் பாட்டுக் கேட்டு வடிவதில்லை என்பதால் இதில் வியப்பில்லை. பாட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ஓய்விடம் வரும்வரை தாக்குப்பிடிக்க அது உதவும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது.

உண்மையில் வேலை செய்வது கோப்பியும் குட்டித் தூக்கமும். அதுவும் இரண்டும் சேர்ந்து.

கோப்பியில் உள்ள காஃபீன், வடிவத்தில் அடினோசினை ஒத்தது. அது போய் அதே ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் தூக்கச் செய்தியைச் சொல்லாது. பூட்டுக்குள் யாரோ வேறு சாவியைச் செருகி வைத்துவிட்ட மாதிரி. உண்மையான சாவி வெளியே காத்துக்கிடக்கும். கவனியுங்கள்: அடினோசின் மறைந்துவிடவில்லை. அதனால்தான் காஃபீன் இறங்கியதும் தூக்கம் மொத்தமாக வந்து அமுக்குகிறது.

குடித்த காஃபீன் குடலில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய் வேலை செய்ய இருபது முப்பது நிமிடமாவது ஆகும். அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்வது? தூங்குவதுதான். 1997-இல் ஹோர்னும் ரெய்னரும் செய்தது இதைத்தான். முந்தைய இரவு ஐந்து மணி நேரமே தூங்கியவர்களை அழைத்து, காஃபீன் கொடுத்து, உடனே கண்ணயரச் சொன்னார்கள். கால் மணி நேரத்துக்குள் எழுப்பிவிட்டார்கள். பிறகு ஓட்டும்போது அவர்கள் தடம் விலகிய தடவைகள், காஃபீன் மட்டும் எடுத்துக்கொண்டவர்களைவிட மிகக் குறைவாக இருந்தன. தூக்கம் கொஞ்சம் அடினோசினை வடித்துவிடுகிறது; எழும்போது காஃபீன் மிச்சத்தை மறைக்க வந்து சேர்கிறது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கோப்பி, பிறகு தூக்கம். நம் ஆட்கள் தூங்கி எழுந்து கோப்பி குடிப்பார்கள். அதனால் தீமை இல்லை, ஆனால் கோப்பி வேலை செய்யும் முன்பே கார் நெடுஞ்சாலையில் இருக்கும். தூக்கமும் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து, எழும்போது மந்தமாக இருக்கும். கைப்பேசியில் அலாரம் வைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் அப்பா ஒரு சுற்று நடந்து, முகம் கழுவிவிட்டு வரட்டும்.

இந்த வித்தை உங்களுக்கல்ல, ஓட்டும் பெரியவருக்கு. நீங்கள் கோப்பியையும் சக்தி பானத்தையும் மாறிமாறிக் குடித்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தபின் தூக்கம் வரவில்லை என்று புரள வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இது ஓரிரு மணி நேரம் வாங்கித் தரும் வழிதானே தவிர, ஓர் இரவுத் தூக்கத்துக்கு ஈடல்ல என்பதையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கே தூங்குவது என்பதிலும் ஓர் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காருக்குள் படுப்பது கடினம். அதனால் பலர் எல்லாச் சன்னலையும் மூடி, எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனில் தூங்கிவிடுகிறார்கள். புகைப்போக்கியில் எங்காவது விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். தூங்குபவர் விழிக்காமலேயே போகலாம். எஞ்சினை அணைத்து, நிழலில் நிறுத்தி, சன்னல்களை இறக்கிவிட்டுத் தூங்குவது ஒரு வழி. ஓய்விடத்தில் இருக்கும் கூரை போட்ட இருக்கையில் சாய்வது இன்னும் நல்ல வழி. அப்பா சங்கடப்படலாம். யாரும் பார்க்கமாட்டார்கள்.

உங்கள் வேலை இது

பதின்ம வயதினரின் மூளைக் கடிகாரம் பெரியவர்களைவிட ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடும். இரவு 11 மணிக்கு உங்களுக்குத் தூக்கம் வராததும், காலையில் பள்ளிக்கு எழ முடியாததும் சோம்பலால் மட்டும் அல்ல. இந்தப் பயணத்தில் அது உதவியாக இருக்கும். முன்னிரவில் அந்தக் காரில் மிகவும் விழிப்பாக இருப்பவர் நீங்களாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விடியற்காலையில் நிலைமை தலைகீழாகும். அப்போது அம்மாவை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் போய்த் தூங்குவதே சரி. முன் இருக்கையில் இருப்பவர் குறட்டை விட்டால் ஓட்டுபவருக்கும் அது தொற்றும்.

எதைக் கவனிப்பது? கண் இமை மெதுவாக மூடித் திறக்கும். தலை சற்றே தொங்கி, வெடுக்கென்று நிமிரும். கார் கோட்டின் மேல் ஏறி, கரகரவென்று அதிர்வுக் கோட்டில் சத்தம் கேட்கும். வேகம் 110-லிருந்து 90-க்கு இறங்கி, காரணமில்லாமல் மறுபடி ஏறும். எடுக்க வேண்டிய வெளிவழியைத் தாண்டிப் போவார். ‘தாப்பா தாண்டிவிட்டோமா?’ என்று கேட்டால், அது எப்போது கடந்தது என்றே அவருக்கு நினைவிருக்காது. கொட்டாவியும் ஒரு குறிதான். ஆனால் கொட்டாவி ஆக்சிஜன் குறைவால் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1987-இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் புரோவைன், கரியமிலவாயு மிகுந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார். மூச்சு வேகமானது, கொட்டாவி கூடவில்லை.

இந்த அறிகுறிகளில் ஒன்றைப் பார்த்தாலும் பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்பதுதான் கடினம். ‘அப்பா, நீங்கள் தூங்கி வழிகிறீர்கள்’ என்றால், ‘எனக்கு ஒன்றுமில்லை, நீ சும்மா இரு’ என்றுதான் பதில் வரும். எந்த அப்பாவும் ஒப்புக்கொள்ளமாட்டார். ‘அப்பா, எனக்கு அவசரமாக டாய்லெட் போகணும், அடுத்த ஆர் அண்ட் ஆரில் நிறுத்துங்க’ என்று சொல்லிப் பாருங்கள். கார் கட்டாயம் நிற்கும். நின்றபிறகு கையில் ஒரு கோப்பியைக் கொடுத்து, இந்தக் கட்டுரையில் படித்ததைச் சொல்லலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் இந்தத் தந்திரமும் தேவைப்படாது.

அந்தச் சின்னப் பொத்தான்

ஏர்கோன் பொத்தான்களுக்கு நடுவே, காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று வராது. உள்ளிருக்கும் காற்றே சுழலும். சீக்கிரம் குளிரும் என்பதற்காகப் பலர் அதை அழுத்தி அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

என்ன ஆகும் என்று கணக்குப் போடுவோம். ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் அரை லிட்டர் காற்றை, நிமிடத்துக்கு 12 முறை விடுகிறார் என்று கொள்வோம். மொத்தம் 6 லிட்டர். வெளிவிடும் காற்றில் 4 விழுக்காடு கரியமிலவாயு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆக, நிமிடத்துக்கு 0.24 லிட்டர். ஐந்து பேர் என்றால் 1.2 லிட்டர். பத்து நிமிடத்தில் 12 லிட்டர். காரின் உட்புறம் சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். 12-ஐ 3,000-ஆல் வகுத்தால் 0.4 விழுக்காடு. வெளிக்காற்றில் இருப்பதோ 0.04 விழுக்காடு. பத்தே நிமிடத்தில் பத்து மடங்குக்கும் மேல்!

கார் முழுவதும் அடைபட்ட பெட்டி அல்ல. இடுக்குகளில் காற்று கசியும் என்பதால் உண்மையில் இவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் தொழிலிடங்களில் எட்டு மணி நேரத்துக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு 0.5 விழுக்காடு என்பதை நினைத்துப் பாருங்கள். காற்று புழுங்கி, தலை கனத்து, மந்தமாகும் என்பது நெரிசலான காரில் போன எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். லாரியின் கரும்புகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், சுரங்கப்பாதைக்குள் போனால், புகைமூட்ட நாளாக இருந்தால் உள்சுழற்சி நல்லது. அது முடிந்ததும் பொத்தானை விடுவித்துவிட வேண்டும்.

வளைவுகளில் வயிறு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பை எடுத்துக்கொண்டுதான் ஏறுவார்கள்.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருப்பதையும், அவற்றிலுள்ள திரவம் அசையும்போது தலை திரும்புவது மூளைக்குத் தெரிவதையும் அறிவியல் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கு அருகே சுண்ணாம்புச் சத்தால் ஆன நுண்ணிய படிகங்களும் உண்டு. வேகம் கூடுவதையும் குறைவதையும் அவை சொல்லும். நீங்கள் பின் இருக்கையில் கைப்பேசி பார்க்கிறீர்கள். கண் சொல்கிறது: ‘எதுவும் அசையவில்லை.’ காது சொல்கிறது: ‘இடது, வலது, மறுபடி இடது.’ இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. உட்காதின் சமநிலை உறுப்புகள் முழுவதும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதே இல்லை.

கண்ணும் காதும் முரண்பட்டால் வயிறு ஏன் வாந்தி எடுக்க வேண்டும்? 1977-இல் மைக்கேல் டிரீஸ்மன் ஓர் ஊகத்தை முன்வைத்தார். இயற்கையில் புலன்கள் இப்படிக் குழம்புவது நஞ்சு உண்டபோதுதான். ஆகவே மூளை நஞ்சு என்று எண்ணி வயிற்றைக் காலிசெய்கிறது என்றார். எல்லாரும் ஏற்கவில்லை, ஆனால் சுவையான ஊகம்.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை அசையும் மெதுவான ஆட்டம்தான் மிகவும் மோசம். மலைச்சாலை அதைத்தான் செய்கிறது. ஒன்பது பத்து வயதில் இந்தத் தொல்லை உச்சத்தில் இருந்து, பிறகு குறையும். உங்களைவிட உங்கள் தம்பி தங்கைக்கு அதிகம் வருவது அதனால்தான். ஓட்டுபவருக்கு அநேகமாக வராது. அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். எனவே தீர்வும் அங்கேயே இருக்கிறது: ஓட்டுபவரைப் போல உட்காருங்கள். கைப்பேசியை வைத்துவிட்டு, முன்கண்ணாடி வழியாகத் தொலைவில் இருக்கும் மலையையோ சாலையையோ பாருங்கள். தலையைத் தலைசாய்மானத்தில் அசையாமல் ஊன்றிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் கண்ணை மூடிவிடுங்கள். சண்டை போடும் இரண்டு பேரில் ஒருவர் வெளியே போய்விடுவார். ஆசாம் பூயும் கோடாலித் தைலமும் ஆறுதல் தரலாம், காதின் வாதத்தை அவை நிறுத்துவதில்லை. குமட்டலுக்கான மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைக்கும் வகையைச் சேர்ந்தவை. தம்பிக்குக் கொடுக்கலாமா என்று மருந்தகரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

கால், வார், டேஷ்போர்டு

கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. மணிக்கணக்கில் மடக்கி உட்கார்ந்தால் அந்தப் பம்பு நின்றுவிடும், கால் வீங்கும். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. விமானம் மட்டுமல்ல, கார், பேருந்து எல்லாவற்றிலும். ஆரோக்கியமானவர்களில் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்பதால் நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் காரில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், நிறுத்தும்போதெல்லாம் அவர்களையும் இறக்கி நடக்கவையுங்கள். இறங்குவது தொல்லை என்று அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதையும் கவனியுங்கள்.

பின் இருக்கையில் வார் இல்லாமல் படுத்துக்கொள்வது சுகமாகத்தான் இருக்கும். 2009 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பின் இருக்கைக்கும் வார் கட்டாயம். கார் சட்டென்று நின்றாலும் நீங்கள் 110 கிலோமீட்டர் வேகத்தில்தான் இருப்பீர்கள். நிலைமம் என்பது படிவம் நான்கு இயற்பியலில் வரும். முன் இருக்கையில் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். அதற்குள் இருக்கும் காற்றுப்பை விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் வெடித்து விரியும். முழங்கால் அப்போது உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும்.

எல்லாவற்றையும் படித்தபிறகு, அப்பாவிடம் ஒரு மாற்றுத் திட்டத்தையும் சொல்லிப் பார்க்கலாம். மாலை 7 மணிக்குக் கிளம்புவதற்குப் பதிலாக, இரவு 9 மணிக்கே படுத்து, காலை 5.30 மணிக்கு எழுந்து, வெளிச்சம் வந்ததும் புறப்படுவது. பிற்பகல் சரிவு வரும் நேரத்தில் எப்படியும் ஒரு நிறுத்தம் வேண்டும்; அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இருபது நிமிடத் தூக்கத்துடன் தாப்பாவிலோ சுங்கை பேராக்கிலோ வைத்துக்கொள்ளலாம். மாலை இருட்டுவதற்குள் சுங்கை பட்டாணி வந்துவிடும்.

வாசலில் நிற்கும் பாட்டி, ‘ஏன்டா இவ்வளவு நேரம்? மத்தியானமே வந்துடுவீங்கன்னு சோறு வடிச்சு வெச்சேன்’ என்பார். தாப்பாவில் அப்பா குறட்டை விட்ட கதையை அப்போது சொல்லுங்கள்.